வகுப்பறை மேலாண்மை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் புதிதாகப் பணியில் சேர்ந்தோருக்கான பயிற்சிகளிலும் தேநீர் இடைவேளையின்போது வந்து கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெரும்பகுதி தொடக்க வகுப்புகளைப் பற்றியது. பிற்பகுதியில் மேல்வகுப்புகளைப் பற்றியும் சில கேள்விகள் உண்டு.

வகுப்பறை மேலாண்மை என்றால் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பதுதானே?

இல்லை. சத்தமே இல்லாத வகுப்பில் பாதிப் பேர் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். இரைச்சலாகத் தோன்றும் வகுப்பில் நான்கு குழுக்கள் நான்கு கணக்குகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கலாம். ஒரு வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய வேண்டுமானால் ஏதேனும் ஒரு பிள்ளையின் அருகில் சென்று, "இப்போது என்ன செய்கிறாய், இதை முடித்ததும் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அந்த ஆசிரியருக்கு என்னிடம் கற்றுக்கொள்ள அதிகமில்லை.

கீழே உள்ள பதில்களில் 'இடைவெளி' என்ற சொல் பலமுறை வரும். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்குள், பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் கழியும் சில நிமிடங்களையே அப்படிக் குறிப்பிடுகிறேன். "சார், இவன் கிள்ளுறான்" என்னும் முறையீடுகளில் பெரும்பாலானவை அந்த நிமிடங்களில்தான் பிறக்கின்றன.

முதல் நாளே பாடத்தை ஆரம்பித்துவிடலாமா? போர்ஷன் முடிக்கவே நேரம் போதவில்லையே?

ஆரம்பிக்கலாம், ஆனால் முதல் இரண்டு வாரங்களில் பாடத்தைவிட நடைமுறைகளைப் பழக்குவதற்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். செருப்பை எங்கே விடுவது, பையை எந்தப் பக்கம் வைப்பது, தண்ணீர் குடிக்க எப்போது எழலாம், பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது, கழிப்பறைக்குப் போக எப்படிக் கேட்பது என்பவையெல்லாம் நமக்குச் சிறு விஷயங்கள்தாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை ஒவ்வொன்றும் புதிய பாடம். சொன்னால் மட்டும் போதாது, செய்து பார்க்க வைக்க வேண்டும்.

திருத்திய நோட்டுகளைத் திருப்பிக் கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். முப்பது நோட்டுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். பின்வரிசையிலிருந்து வருபவன் வழியில் இருவர் தலையைத் தட்டிவிட்டு வருவான். முதலில் வாங்கிக்கொண்டவள் தன் மதிப்பெண்ணைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டத் தொடங்கியிருப்பாள். கடைசி நோட்டு போய்ச் சேர்வதற்குள் பத்து நிமிடம் கரைந்துவிடும். அதே நோட்டுகளை வரிசைவாரியாக வாங்கி, வரிசைவாரியாகவே திருத்தி அடுக்கி, ஒவ்வொரு வரிசையின் முதல் பிள்ளையிடம் கொடுத்துப் பின்னால் கடத்தச் சொன்னால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதை ஜூன் மாதத்தில் வெறும் நோட்டுகளை வைத்து இரண்டு மூன்று முறை விளையாட்டாகப் பழக்கிவிட்டால் ஏப்ரல் வரை பலன் தரும். போர்ஷன் முடிக்க நேரம் கிடைப்பதும் இப்படித்தான்.

கத்தினால்தான் அடங்குகிறார்கள். கத்தாமல் எப்படி வகுப்பு எடுப்பது?

கத்தியதும் அடங்குவது உண்மைதான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கத்த வேண்டியிருப்பதும் உண்மை. நாளடைவில் ஆசிரியரின் உரத்த குரலையே 'இனிமேல்தான் கேட்க வேண்டும்' என்பதற்கான அறிகுறியாகப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். சாதாரணக் குரலில் சொல்வது எதையும் கேட்பதில்லை. கான்கிரீட் கூரையும் வெறும் சுவர்களுமாக உள்ள அறையில் எழும் எதிரொலி இதை இன்னும் மோசமாக்கும்.

கவனத்தைத் திருப்புவதற்குக் குரல் அல்லாத ஒரே ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மூன்று முறை கைதட்டினால் பிள்ளைகள் இரண்டு முறை தட்டிவிட்டு நிமிர்வது என்று வைத்துக்கொள்ளலாம்; பாட்டின் ஒரு வரியை நீங்கள் பாட அடுத்த வரியை அவர்கள் பாடுவதும் நல்லதே. எதுவாயினும் ஆண்டு முழுவதும் அதையே பயன்படுத்த வேண்டும். அறிவிப்புச் சொல்ல எப்போதும் ஒரே இடத்தில் போய் நில்லுங்கள். கடைசிப் பிள்ளை நிமிரும்வரை பேசத் தொடங்காதீர்கள். பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் சொல்ல ஆரம்பித்துவிடுவதுதான் பெரும்பாலான வகுப்புகளில் காணப்படும் குறை.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைக் காணொளியில் பதிவு செய்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1970இல் வெளியிட்டார். குறும்பு நிகழ்ந்த பின்பு எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில் திறமையான ஆசிரியர்களுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாட்டை அவர் காணவில்லை. அறை முழுவதும் என்ன நடக்கிறது என்பதை அறிந்திருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றி நகர்வதிலுமே வேறுபாடு இருந்தது. கரும்பலகையில் எழுதும்போது முழு முதுகையும் காட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று எழுதும் பழைய ஆசிரியர்கள் இதை ஆராய்ச்சி இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது என்றால் பயம் எப்படி வரும்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆகவே முட்டி போடவைப்பது, வெயிலில் நிறுத்துவது, மற்ற பிள்ளையைக் கொண்டு குட்ட வைப்பது, ஊரையோ சாதியையோ உடலையோ சொல்லி ஏசுவது எதற்கும் இடமில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோர் சொல்வது சட்டப்படி அனுமதி ஆகாது. அப்படிச் சொன்னவரே தழும்பைப் பார்த்ததும் ஊரைத் திரட்டிக்கொண்டு வருவார் என்பதும் அனுபவமுள்ள தலைமையாசிரியர்களுக்குத் தெரியும்.

சட்டம் ஒருபுறமிருக்க, பயந்த பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்கும். மறைத்தால் எங்கே தடுமாறுகிறது என்பது நமக்குத் தெரியாமல் போகும். அடிக்குப் பதிலாக, செய்த செயலோடு தொடர்புள்ள விளைவை வைக்கலாம். சுவரில் கிறுக்கியவர் துடைத்துக் கொடுக்கட்டும். நேரத்தை வீணாக்கியவர் விட்ட வேலையை உணவு இடைவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் முடிக்கட்டும். விளைவு சிறியதாக இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒன்றாகவும், சொன்னபடி நடப்பதாகவும் இருக்க வேண்டும்.

பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொல்லி லீடரை நிறுத்தலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. நாம் எல்லோரும் இந்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள்தாம். லீடரின் நண்பன் பெயர் பலகையில் ஏறாது. லீடருக்கு முந்தைய நாள் மாங்காய் கொடுக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் 'மிகமிக' என்று சேரும். பெயர் எழுதப்பட்டவன் அதை அழிக்கச் சொல்லிச் சண்டையிட, ஆசிரியர் இல்லாத பத்து நிமிடம் முழுதும் அதிலேயே கழியும்.

பொறுப்புகளைப் பகிர்ந்து கொடுப்பது நல்லது. கண்காணிக்கும் பொறுப்பை மட்டும் கொடுக்காதீர்கள். தேதி எழுதுபவர், நூலகப் பெட்டியைத் திறப்பவர், மின்விசிறியை நிறுத்துபவர், வாசலில் செருப்பை வரிசைப்படுத்துபவர் என்று வாரந்தோறும் ஆளை மாற்றினால் எந்தப் பிள்ளையும் விடுபடாது. பெருக்கும் வேலை பெண்பிள்ளைகளுக்கும் மேசை தூக்கும் வேலை ஆண்பிள்ளைகளுக்கும் என்று தானாகப் பிரிந்துவிடுவதைக் கவனித்துத் தடுக்க வேண்டும். கழிப்பறையைத் தூய்மை செய்யும் வேலை எந்தப் பிள்ளைக்கும் உரியதன்று.

'ப' வடிவில் உட்கார வைப்பது நல்லதா, வரிசையாக உட்கார வைப்பது நல்லதா?

2025 ஜூலையில் 'ப' வடிவ இருக்கையைப் பற்றி நம் மாநிலத்தில் பெரிய விவாதமே நடந்தது. மாப்பிள்ளை பெஞ்ச் என்று ஒன்று இல்லாமல் போகும் என்று ஒரு சாராரும், கழுத்து வலிக்கும் என்று இன்னொரு சாராரும் பேசினார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. உரையாடல், கதை, பாடல், சுற்றி நின்று பார்க்கும் சோதனை ஆகியவற்றுக்கு 'ப' வடிவம் மிகப் பொருத்தமானது. எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும், ஆசிரியர் நடுவில் நடந்து எவரையும் இரண்டடியில் அடையலாம். ஆனால் பலகையைப் பார்த்து எழுத வேண்டிய பாடவேளையில் 'ப'வின் இரண்டு பக்கக் கோடுகளிலும் அமர்ந்திருப்போர் உடலை ஒரு பக்கமும் தலையை ஒரு பக்கமுமாக வைத்திருக்க நேரிடும். பலகைக்கு மிக அருகில் பக்கவாட்டில் இருப்பவருக்குப் பளபளப்பு மட்டுமே தெரியும்.

இருபது அடிச் சதுர அறையில் இருபது பிள்ளைகள் என்றால் 'ப' வடிவம் எளிது. நாற்பது பேர் என்றால் இரண்டாம் வரிசை தேவைப்படும். அங்கே புதிதாக ஒரு கடைசி பெஞ்ச் முளைத்துவிடும். ஆகவே வடிவத்தை நிரந்தரமாக முடிவு செய்யாமல், அன்றைய வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தரையில் ஜமுக்காளம் விரித்து அமரும் தொடக்க வகுப்புகளுக்கு இது மிகச் சுலபம். பெஞ்ச் உள்ள வகுப்புகளில் மாற்றியமைப்பதையும் நோட்டு விநியோகம் போலவே பழக்க வேண்டும். இல்லையென்றால் பெஞ்சை இழுக்கும் சத்தமே ஒரு பாடவேளையைத் தின்றுவிடும். எந்த வடிவமானாலும் இடங்களை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பார்வையிலோ செவியிலோ குறையுள்ள பிள்ளைக்கு மட்டும் மாற்றாதீர்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மூன்று வகுப்பு ஒரே அறையில். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

மற்றவர்களைவிட உங்களுக்கே அதிகம் பொருந்தும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆகவே ஐந்து வகுப்புகளை இருவர் பார்ப்பது நம் ஊர்களில் விதிவிலக்கன்று. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டு வகுப்புகளுக்கு இடைவெளி என்று ஆகிவிடுவதுதான் உங்கள் முதன்மைச் சிக்கல்.

இதற்கான விடைகளில் பல ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான, பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து அவரவர் வேகத்தில் கற்க வைக்கும் அட்டை முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றி அடித்த தாழ்நிலைக் கரும்பலகைகளும், வரைந்தவற்றைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் அந்தக் காலத்தவை. திட்டம் மாறிவிட்டது என்பதற்காகப் பலகைகளைச் சுண்ணாம்படித்து மூடிய பள்ளிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றொரு குழு தன் பகுதிப் பலகையில் எழுதிப் பழக அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. திரும்பிப் பார்த்தாலே யார் எங்கே தவறுகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் (தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் உறுதி செய்வதற்கானது) பிள்ளைகளை வகுப்பின்படி அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகக் கற்றல் நிலையின்படி பார்க்கச் சொல்கிறது. பல வகுப்பு அறைக்கு இது பெரிய வசதி. மூன்று வகுப்புக்கும் ஒரே கதையை, ஒரே பாடலை முதல் பதினைந்து நிமிடம் சேர்த்து நடத்திவிட்டு, பிறகு நிலைவாரியாகப் பிரிக்கலாம். பிரிந்தபின் ஆசிரியர் முதலில் உட்கார வேண்டியது அரும்பு நிலைப் பிள்ளைகளோடு அன்று. மொட்டு, மலர் நிலைகளுக்கு வேலையைத் தொடங்கிக் கொடுத்து, இருவர் மூவர் உண்மையிலேயே எழுதத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு அரும்பிடம் வந்தால்தான் இடையில் எழாமல் இருக்க முடியும். தனியே செய்யும் வேலையில் விடையைத் தாமே சரிபார்க்க வழியிருக்க வேண்டும்: அட்டையின் பின்புறம் விடை இருக்கலாம், அல்லது இருவர் நோட்டை மாற்றிப் பார்க்கலாம். அவ்வழி இல்லாவிட்டால் "டீச்சர், இது சரியா?" என்ற வரிசை உங்கள் முதுகுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போகும்.

சீக்கிரம் முடித்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம் தொல்லை கொடுக்கிறார்கள். என்ன செய்வது?

அவர்களுக்கு இடைவெளி முதலில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். 'முடித்தவர்கள்' என்று பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக ஒரு கட்டம் போட்டு அன்றைய வேலையை எழுதிவிடுங்கள்: வாசிப்புக் களத்திலிருந்து (புத்தகங்கள் வைத்திருக்கும் வகுப்பு மூலை) ஒரு புத்தகம், அல்லது இன்றைய கணக்கைப் போல ஒரு கணக்கைத் தாமே உருவாக்குதல். அதே கணக்குகளில் இன்னும் பத்தைக் கொடுப்பது விரைவாக முடித்ததற்குத் தண்டனை ஆகிவிடும். அடுத்த நாள் அவர்கள் மெதுவாக எழுதக் கற்றுக்கொள்வார்கள். மெதுவாக எழுதுபவருக்குச் சொல்லித் தரச் சொல்லலாம், ஆனால் நாள்தோறும் அதே பிள்ளையை அல்ல.

கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

கேள்வியைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் காட்டினார். காத்திருப்பு மூன்று வினாடியாக நீண்டபோது விடைகளின் நீளம் கூடியது, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று வினாடி என்பது எழுத்தில் சிறியது. வகுப்பின் முன்னால் நிற்கும்போது மிக நீண்டது; மனத்துக்குள் எண்ணிப் பழக வேண்டும்.

கை தூக்குவதையே சில கேள்விகளுக்கு நிறுத்திவிடலாம். சிலேட்டில் எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டினால் நாற்பது விடைகளும் ஒரு பார்வையில் தெரியும். பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளை டப்பாவில் போட்டு எடுப்பதும் பல பள்ளிகளில் நடக்கிறது. ஆனால் கேள்வியைச் சொல்லி, பொறுத்து, அதன்பிறகே குச்சியை எடுக்க வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சுவர் முழுக்க சார்ட் ஒட்டியிருக்கிறோம். பார்வைக்கு வருபவர்கள் பாராட்டுகிறார்கள். அது போதாதா?

அழகுக்குப் போதும். பிள்ளையின் கண்ணுயரத்தில் இல்லாத சார்ட்டைப் பிள்ளை படிப்பதில்லை; மூன்று மாதமாக மாறாத சார்ட் சுவரின் நிறமாகிவிடும். பலகையைச் சுற்றியுள்ள சுவரை ஏறக்குறைய வெறுமையாக விடுங்கள். கதைக் களம், பாடல் களம் போன்றவற்றைப் பார்வை நாளில் மட்டும் திறக்காமல், பொருள்களைக் கையால் எடுக்கும் உயரத்தில் வையுங்கள். கிழியத்தான் செய்யும்.

காலையில் வருகையை ஆப்பில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதற்குள் வகுப்பு சந்தையாகிவிடுகிறது.

எமிஸ் (கல்வித் துறையின் இணையவழித் தகவல் அமைப்பு) பதிவை நம்மால் தவிர்க்க முடியாது, அந்த நேரத்தை நிரப்பத்தான் முடியும். பிள்ளைகள் உள்ளே வரும்போதே பலகையில் ஒரு சிறு வேலை எழுதியிருக்கட்டும். அது நேற்றைய பாடத்திலிருந்து, யாருடைய உதவியும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இணையம் சுற்றிக்கொண்டே இருந்தால் கைபேசியை வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். பதிவைச் சற்றுப் பிந்திச் செய்யலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் ஏறுவதில்லை.

காலையில் பசியோடு வந்த பிள்ளைகள் வாடிக் கிடந்த நிலை, 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்குப் பின் பல தொடக்கப் பள்ளிகளில் மாறியிருக்கிறது. மதியம் மாறவில்லை. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உள்ள அறையில் இரண்டு மணிக்குக் கேட்டு எழுதும் பாடம் வைப்பது வீண். புதிய கருத்துகளைக் காலைக்கு மாற்றி, மதியத்துக்குக் கைவேலை, நடித்தல், அளந்து பார்த்தல், மரத்தடி வாசிப்பு என்று வையுங்கள். தண்ணீர் குடிக்க வகுப்பு மொத்தமாக எழுந்து போய்வந்தால் தனித்தனி அனுமதிகள் குறையும்.

ஒரே ஒரு பையன் மொத்த வகுப்பையும் கெடுக்கிறான். எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

'எல்லாம்' என்பது பெரும்பாலும் திட்டுதல், இடம் மாற்றுதல், பெற்றோரை வரச் சொல்லுதல் என்ற மூன்றாகவே இருக்கிறது. அவற்றுக்கு முன்பு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எந்த நேரத்தில் தொடங்கினான், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி போதும். எப்போதும் வாசிக்கச் சொல்லும் வேளையில்தான் தொடங்குகிறான் என்று தெரிந்தால் அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று பொருள். வெளியே அனுப்பப்படுவது அவன் விரும்பிய பரிசாகிவிடுகிறது. எழுதும்போது மட்டும் என்றால் பலகை தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவனுக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். நாமே ஏதேனும் ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

அவனோடு பேசுவதை வகுப்பின் முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். குறும்பு எதுவும் நடக்காத வேளையில் நாள்தோறும் இரண்டு நிமிடம் வேறு எதைப் பற்றியாவது, அவன் வீட்டு ஆட்டைப் பற்றியோ கபடியைப் பற்றியோ, பேசுங்கள். பெற்றோருக்கு முதல் அழைப்பு அவன் செய்த நல்லது ஒன்றைச் சொல்வதாக இருந்தால், இரண்டாம் அழைப்பை அவர்கள் வேறு காதால் கேட்பார்கள். வீட்டில் அடி, பட்டினி, வேலைக்கு அனுப்புதல் போன்ற அறிகுறி தெரிந்தால் அது வகுப்பறை மேலாண்மைக்குள் அடங்காது. தலைமையாசிரியரிடம் தெரிவித்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். எல்லோர் முன்னாலும் எதிர்த்துப் பேசுகிறான். விட்டால் மரியாதை போய்விடாதா?

அந்த நொடியில் அவனுக்கும் அதே கவலைதான். முப்பது பேர் பார்க்கும்போது இருவரில் ஒருவர் தோற்க வேண்டியிருந்தால் அவன் தோற்கச் சம்மதிக்க மாட்டான். "இதைப் பற்றி மணி அடித்ததும் பேசுவோம், இப்போது நான்காம் கணக்கைத் திற" என்று தணிந்த குரலில் சொல்லி, அவனைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். மணி அடித்ததும் மறக்காமல் பேசுங்கள், அதில்தான் மரியாதை நிற்கிறது. இந்த வயதில் 'வாடா, போடா' பலருக்கு அன்பாகவும் சிலருக்கு அவமதிப்பாகவும் கேட்கும். ஐயமிருந்தால் பெயரைச் சொல்லி அழைப்பது போதும்.

பிள்ளைகள் அவரவர் தெருக்காரர்களோடுதான் உட்காருகிறார்கள். பிரித்தால் ஊரில் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வி தாழ்ந்த குரலில்தான் கேட்கப்படுகிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் சாதியின் பெயரால் சக மாணவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பதும், பெயரின் அகர வரிசையில் மாணவரை அமர வைப்பதும் அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

அகர வரிசையின் சிறப்பு, அதில் ஆசிரியரின் விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை என்பது. "ஏன் என் பிள்ளையை அங்கே போட்டீர்கள்?" என்று கேட்டு வருபவருக்குப் பதிவேட்டைக் காட்டலாம். மேலே சொன்ன வாராந்தர இடமாற்றத்தையும் இதோடு சேர்த்து, வரிசை முழுவதும் ஓரிடம் நகர்வதாக வைத்துக்கொள்ளலாம். பள்ளி திறந்த முதல் நாளில் தொடங்கினால் எதிர்ப்பு எழுவது அரிது. நடுவில் தொடங்க வேண்டுமென்றால் தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லிவிட்டு எல்லா வகுப்புகளிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒரு வகுப்பாசிரியர் தனியாகச் சுமக்கும் வேலை அன்று இது. வகுப்பறையில் கலந்து அமர்ந்தவர்கள் சத்துணவு வரிசையிலும் தண்ணீர்க் குழாயிலும் மறுபடி பிரிகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைக்கு வகுப்பு இரண்டாகிவிடுகிறது. மறுநாள் புகார் கேட்டே பாதி நேரம் போகிறது.

வகுப்பு உங்கள் முகத்தைப் பார்த்து இயங்குகிறது, நடைமுறையைப் பார்த்து இயங்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. நீங்கள் அறைக்குள் இருக்கும்போதே, தேதி எழுதுவது முதல் காலை வேலையைத் தொடங்குவது வரை நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் நடக்கிறதா என்று வாரம் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த ஒன்றை மட்டும் அடுத்த வாரம் பழக்குங்கள்.

மேசை இழுப்பறையில் ஒரு கோப்பு இருக்கட்டும். இருக்கை வரைபடம், யாருக்கு எந்த நிலை, கவனத்தைத் திருப்பும் அடையாளம், எந்தப் பிள்ளைக்கு மருந்து அல்லது ஒவ்வாமை, எவ்வகுப்புக்கும் பொருந்தும் இரண்டு நாளைக்கான வேலைத்தாள்கள் ஆகியவை அதில் இருந்தால், பக்கத்து வகுப்பிலிருந்து வந்து பார்த்துக்கொள்பவருக்கு அது போதும். திரும்பி வந்த அன்று புகார்களைக் கேட்டு விசாரணை நடத்தாதீர்கள். பார்த்துக்கொண்ட ஆசிரியரிடம் கேட்டு, தேவைப்படும் ஒருவர் இருவரிடம் மட்டும் தனியாகப் பேசிவிட்டு, பலகையில் காலை வேலையை எழுதிவிடுங்கள்.